டெய்லர் கடைத் தொட்டியில் வளர்ந்த பூனைவால்

டெய்லர் "நாளைக்கு" என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவர் கடை மீன் தொட்டியில் இருந்த செடி ஒரு விரல் நீளம் வளர்ந்தது. கடைத்தெருவுக்கு இது தெரியவந்தது ரொம்பப் பின்னால்தான். தெரிந்த பிறகும் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. எதிர்ச் சாரியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் மட்டும், அப்படியானால் அந்தச் செடி இந்நேரம் கடலைத் தொட்டிருக்க வேண்டுமே என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கடை ஆரம்பித்துப் பல வருடம் கழித்துத்தான் செடி வந்து சேர்ந்தது. அதற்கு முன்னால் டெய்லர் சொன்ன நாளைக்குகளெல்லாம் வளர்வதற்கு ஒன்றும் கிடைக்காமல் வீணாகிப் போயிருந்தன.

டெய்லர் நல்ல கைக்காரர் என்பதில் ஊரில் இரண்டு கருத்து கிடையாது. தோள் சரிந்த ஆள் அவர் தைத்த கோட்டைப் போட்டால் தோள் நிமிரும். தொப்பைக்காரர் அவர் தைத்த சட்டைக்குள் தொப்பை இருப்பதையே மறந்துவிட்டுத் தெருவில் ஒரு மாதிரி நடப்பார். தைத்துக் கொடுத்தால் குறை சொல்ல முடியாது. கொடுத்தால். அவரிடம் இருந்த ஒரே சிக்கல், யாரிடமும் முடியாது என்று சொல்ல அவருக்கு மனசு வராது. துணியோடு வருபவரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகி, டேப்பை எடுத்து, தோளையும் இடுப்பையும் தட்டித் தட்டி அளந்து, துணியை மடித்து அலமாரியில் வைப்பார். வாங்கிப் போக வருபவரைப் பார்த்தாலும் அதே சிரிப்புத்தான். "பட்டன் மட்டும்தாங்க பாக்கி. நாளைக்கு வாங்க." அப்போது அந்தத் துணியில் கத்தரிக்கோல்கூடப் பட்டிருக்காது. ஆனாலும் பொய் சொல்கிறோம் என்ற எண்ணம் அவருக்குத் துளியும் இருந்ததில்லை. நாளைக்கு என்பது அவருக்கு ஒரு இடம். எல்லாச் சட்டையும் தைத்து, தேய்த்து, மடித்து அங்கே அடுக்கப்பட்டிருந்தது. போய் எடுத்து வருவது ஒன்றுதான் பாக்கி.

அவர் மனைவியைத் தெருவில் லேப் அக்கா என்பார்கள். குடிநீர் ஆய்வகத்தில் வேலை. ஊர்க் குழாய்களில் வரும் தண்ணீரைக் குப்பிகளில் பிடித்து, அதில் எதுவும் வளரவில்லை என்று உறுதி செய்துகொள்வதே பகல் முழுக்க அவருடைய வேலை என்பதாலோ என்னவோ, சாயங்காலத்தில் தண்ணீருக்குள் எதையாவது வளர்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. வீடு கடைக்குப் பின்னால் ஒட்டியிருந்த இரண்டு அறை; அங்கே இடமில்லை. கடை வாசல் பக்கம் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டியை வைத்தார். காத்திருக்கும் வாடிக்கையாளர்கள் தன் வீட்டுக்காரரை முறைப்பதற்குப் பதிலாக மீனையாவது பார்க்கட்டும் என்று அதற்கு ஒரு பொதுநலக் காரணமும் சொன்னார். உள்ளே கருப்பு மணல், படுத்திருக்கும் நாய் மாதிரி ஒரு கல், ஒரு முறுக்கிய வேர்க்கட்டை, பின் மூலையில் சிவப்பு இலைச் செடி ஒன்று, சட்டைப் பட்டனை விடச் சிறிய மீன்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், நகத்தளவு உயரத்துக்கு மேல் வளராத ஒரு புல். அதை அவர் இடுக்கியால் கொத்துக் கொத்தாக நட்டார். அந்தப் புல்லுக்கு எந்த அவசரமும் கிடையாது. ஒரு கொத்து பக்கத்துக் கொத்தைத் தொடுவதற்குள் தெருவில் இரண்டு குழந்தைகள் பிறந்து நடக்கவும் ஆரம்பித்துவிட்டன. வருடக்கணக்கில் காத்திருந்து, ஒரு வழியாக அது தொட்டியின் தரை முழுக்கப் பச்சைக் கம்பளமாகப் படர்ந்த அன்றைக்கு, பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த லேப் அக்கா பையைக்கூடக் கீழே வைக்காமல் அதன் எதிரே உட்கார்ந்திருந்தார். அதிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. சாயங்காலம் வருவார், கையை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டியின் முன்னால் உட்கார்ந்து பழுத்த இலையை எடுப்பார். டெய்லர் மெஷினை மிதித்துக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். அந்தத் தம்பதிக்குள் சண்டை வந்து யாரும் கேட்டதில்லை என்பதற்கு அந்த நேரமே காரணம் என்று தெருவில் பேச்சு.

தொட்டிக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. வெளியிலிருந்து எந்தச் செடி வந்தாலும் முதலில் கொல்லைப்புற நீல பக்கெட்டில் சில வாரம் தனியாகக் கிடக்க வேண்டும். அது எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்த பிறகுதான் தொட்டிக்குள் அனுமதி. இந்தச் சட்டத்தை மீறியவன் டெய்லரின் மச்சினன், அதாவது லேப் அக்காவின் சொந்தத் தம்பி. அவன் ஒரு இன்டர்வியூவுக்காக வந்தவன். இன்டர்வியூ வைத்த கம்பெனியை மூடி, கட்டிடத்தை இடித்து, அந்த இடத்தில் வேறொன்று கட்டி வெள்ளையடித்த பிறகும் அவன் கிளம்பவில்லை. ஒரு மழைக்காலத்தில், வெள்ளம் புகுந்த ஊர்களில் தண்ணீரைச் சோதிக்க லேப் அக்காவை முகாமுக்கு அனுப்பினார்கள். அவர் போன மறுநாள் மச்சினன் ஒரு பிளாஸ்டிக் கவரைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே பூனையின் வாலைப்போலப் புசுபுசுவென்று ஒரு துண்டுச் செடி.

"ஃப்ரெண்டு வீட்டுல சும்மா குடுத்தான் மாமா. தண்ணியை அப்படியே கண்ணாடி மாதிரி ஆக்கிடுமாம்."

"உங்கக்கா பக்கெட்டுல போடச் சொல்லுவாளே மாப்ள."

"பக்கெட்டுல என் ஜீன்ஸ் ஊறுது மாமா."

"எத்தனை நாளா ஊறுது?"

"நல்லா ஊறட்டும்னு விட்டிருக்கேன்."

அதற்கு மேல் வாதம் செய்ய டெய்லருக்கு மனசு வரவில்லை. "சரி, தொட்டியிலயே போடு. நாளைக்கு எடுத்துக்கலாம்" என்றார். செடி தண்ணீரில் விழுந்து ஒரு விரல் நீண்டது. மச்சினன் அப்போது பக்கெட் பக்கம் போய்விட்டதால் அதை யாரும் பார்க்கவில்லை.

அந்த வாரமே அது தொட்டியின் மேல்பரப்பு முழுவதையும் மூடிவிட்டது. அடுத்த வாரம் வெளிச்சம் உள்ளே போக வழியில்லாமல் மீன்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. அக்கா வருவதற்குள் எதையாவது செய்தாக வேண்டும். வேறு யாராக இருந்தாலும் பிடுங்கி எறிந்திருப்பார்கள். டெய்லர் டெய்லர் என்பதால் வெட்டினார். அதுவும் அவசரத்தில் கண்டபடி வெட்டவில்லை. ஒவ்வொரு வாலையும் மேசைமேல் நீட்டி, டேப் வைத்து அளந்து, சாக்கட்டியால் கோடு போட்டு, கைக்கு வந்த பழக்கத்தில் ஓரத்தில் தையலுக்கும் கொஞ்சம் விட்டு, பிசிறில்லாமல் வெட்டினார். பூனைவாலின் குணம் என்னவென்றால், அதை எத்தனை துண்டாக வெட்டினாலும் அத்தனை துண்டும் தனித்தனிச் செடி. சாதாரண ஆள் வெட்டியிருந்தால் சில துண்டாவது நசுங்கிச் செத்திருக்கும். டெய்லர் வெட்டியதில் ஒன்றுகூடச் சாகவில்லை. தையலுக்கு விட்ட இடத்திலிருந்து ஒவ்வொன்றும் தெளிவாகத் துளிர்த்தது.

அதன் பிறகு பூனைவால் கடை முழுக்க இருந்தது. இஸ்திரி போடும்போது துணியில் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலில் இருந்தது. டீ கிளாஸை யாராவது பேச்சு சுவாரசியத்தில் கீழே வைத்துவிட்டால், எடுக்கும்போது ஒரு முடிச்சு மிதந்தது. டிரையல் ரூம் கண்ணாடிக்குப் பின்னால் ஈரச் சுவரில் இறங்கியது. தையல் மெஷினின் எண்ணெய்த் துளையில் ஒன்று எட்டிப் பார்த்தது. எண்ணெயில் அது எப்படி வளர்கிறது என்று சைக்கிள் கடைக்காரர் கேட்டுவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். துணிகளுக்குள்ளும் போயிற்று. பள்ளிக்கூட யூனிஃபார்ம் பேன்ட் ஒன்றின் கால் மடிப்பில் ஒரு துணுக்கு சிக்கிக்கொள்ள, அந்தப் பேன்ட் துவைக்கத் துவைக்க நீண்டது. போட்டிருந்த பையனும் அந்த வருடம் நீண்டுகொண்டிருந்தான். இரண்டும் ஒரே வேகத்தில் போனதால் பேன்ட் எப்போதும் கணுக்காலில் சரியாக நின்றது. அவன் அம்மா இதை இன்னொரு அம்மாவிடம் சொன்னார். அவ்வளவுதான். மறு வாரமே கடை வாசலில் வரிசை. வளர்கிற பேன்ட் வேண்டும் என்றார்கள். தருகிறேன் என்றார் டெய்லர். எப்போது என்றார்கள். அவர் சிரித்தபடி சொன்ன பதிலில் தொட்டிச் செடி அன்று மட்டும் கடை வாசல் வரைக்கும் வந்தது.

லேப் அக்கா முகாம் முடிந்து வந்து இறங்கியபோது வாசலில் நின்ற வரிசையைத் தாண்டி உள்ளே வரவே சிரமப்பட்டார். பையைத் தோளில் போட்டபடியே தொட்டியைப் பார்த்தார். மேலே பூனைவால், நடுவில் பூனைவால். குனிந்து அடியில் பார்த்தார். கம்பளம் வெளுத்து, அழுகி, கருப்பு மணல் தெரிந்தது. சிவப்புச் செடியில் குச்சி மட்டும் நின்றது.

"என் புல்லு எங்க?" என்றார்.

டெய்லர் மச்சினனைப் பார்த்தார். மச்சினன் கூரையைப் பார்த்தான். கூரையிலிருந்தும் ஒரு பூனைவால் தொங்கியது.

"பக்கெட்டுல ஏன்டா போடல?"

"ஜீன்ஸ் ஊறிட்டிருந்துச்சுக்கா."

"இப்ப?"

"இன்னும் ஊறுது."

லேப் அக்கா அன்று சாயங்காலமே வேலையை ஆரம்பித்தார். முதலில் கத்தரிக்கோல்களையெல்லாம் தூக்கி அலமாரிமேல் வைத்தார். செடியை வெட்டவும் கூடாது, பிடுங்கவும் கூடாது. இரண்டு கையையும் அடியில் கொடுத்து, ஒரு இலை உதிராமல், தூங்குகிற குழந்தையை மெத்தையிலிருந்து எடுப்பதுபோல எடுக்க வேண்டும் என்று காட்டினார். எடுத்ததைச் சாக்கடையில் போட விடவில்லை. "சாக்கடை குளத்துக்குப் போவும். குளத்துத் தண்ணியையும் நான்தான் டெஸ்ட் பண்ணணும்" என்று சொல்லி, மாடிக் கொடியில் கிளிப் போட்டு வரிசையாகக் காயவைத்தார். கீழேயிருந்து பார்த்தால் ஏதோ ஒரு பெரிய பூனைக் குடும்பம் குளித்துவிட்டு வாலை மட்டும் காயப்போட்டிருப்பது போலிருந்தது. தொட்டி விளக்கைப் பாதி நேரம் அணைத்தார். மீன் தீனியைக் குறைத்தார். மேல்தண்ணீர் அலைந்துகொண்டே இருக்கும்படி மோட்டார் குழாயைத் திருப்பி வைத்தார். புத்தியுள்ள எந்தச் செடியும் இதற்கெல்லாம் அடங்கிவிடும். இதுவும் காலையில் அடங்கித்தான் இருந்தது. கடை திறந்து வாடிக்கையாளர்கள் வந்து போனதும், மதியத்துக்குள் பழையபடி நிறைந்துவிட்டது.

பிறகு ஒரு நாள் டெய்லருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சுத்தமாகக் குரலே இல்லை. வந்தவர்களிடம் கையை மட்டும் ஆட்டினார். அன்று சாயங்காலம் லேப் அக்கா வந்து பார்த்தால், காலையில் விட்டுப்போன மாதிரியே தொட்டி இருந்தது. ஒரு இலை கூடக் கூடவில்லை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் கஷாயம் வேலை செய்து குரல் திரும்பியது; செடியும் திரும்பியது. ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவருக்கு இதற்கு மேல் துப்பு வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை கடையை உள்பக்கமாகச் சாத்திவிட்டு, டெய்லரின் டேப்பைத் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டினார். டெய்லரை டிரையல் ரூம் திரைக்குப் பின்னால் நிற்கவைத்தார்.

"சொல்லுங்க."

"என்னத்தைச் சொல்றது?"

"வர்றவங்ககிட்ட சொல்றதை."

"பட்டன் மட்டும்தான் பாக்கி."

அந்த வகைச் செடிக்கு வேரே கிடையாது. இருந்தும் ஒரு வெள்ளை வேர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

"அடுத்தது."

"நாளைக்கு வாங்க."

ஒரு விரல்.

"நாளைக்கழிச்சு?"

"நாளைக்கழிச்சு நிச்சயமா" என்றார் திரைக்குப் பின்னாலிருந்து. இரண்டு விரல்.

மச்சினனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "மாமா, 'அடுத்த வாரம் கண்டிப்பா'வைச் சொல்லுங்க மாமா!"

லேப் அக்கா வேண்டாம் என்று வாயெடுப்பதற்குள் டெய்லர் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார். தொட்டியின் மூடி கிளம்பிப் போய் டியூப்லைட்டில் இடித்தது. மச்சினனும் தன் பங்குக்குத் தொட்டியருகே குனிந்து நாளைக்கு நாளைக்கு என்று சொல்லிப் பார்த்தான். சைக்கிள் கடைக்காரரைக் கூப்பிட்டும் சொல்லவைத்தார்கள். செடி அவர்களை மதிக்கவில்லை. டெய்லரின் நாளைக்கு மட்டுமே அதற்கு ஆகாரம்.

அன்று சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது லேப் அக்கா, அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். அணைக்கட்டுப் பக்கம் புதிதாக ஒரு தலைமை ஆய்வகம் கட்டியிருக்கிறார்கள். அதற்குப் பொறுப்பாக வரச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். தங்க வீடும் உண்டு. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"போயிடுவியாம்மா?" என்றார் டெய்லர்.

"போகணும்னு எனக்கு ஒண்ணும் வேண்டுதல் இல்ல. ஆனா சாயங்காலம் வந்து உக்கார எனக்குன்னு ஒரு இடம் இருந்தது. இப்ப வந்தா உங்க பொய்யைத்தான் வாரி மாடில காயப்போடறேன். கல்லுக்குப் பின்னால ஒரே ஒரு கொத்துப் புல்லு இன்னும் உசிரோட இருக்கு. அது பிழைச்சா இங்க இருக்கேன். இல்லன்னா கல்லு, கட்டை, மணல் எல்லாத்தையும் அள்ளிட்டு அங்க போய்ப் புதுசா ஆரம்பிக்கறேன்."

டெய்லர் வாயைத் திறந்தார். இதைப் பற்றி நாளைக்குப் பேசலாம் என்பதுதான் அவர் நாக்கில் வந்து நின்றது. மனைவி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். டெய்லர் அந்த வாக்கியத்தை விழுங்கினார். கல்யாணமானதிலிருந்து அவர் ஒரு வாக்கியத்தை விழுங்கியது அதுதான் முதல் தடவை. பழக்கமில்லாததால் அது தொண்டையில் சிக்கி, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்த பிறகே இறங்கியது.

நாளைக்கு இல்லாமல் டெய்லர் கடை நடத்துவது தண்ணீர் இல்லாமல் ஆய்வகம் நடத்துவது மாதிரி. முதலில் கிழமையைச் சொல்லிச் சமாளிக்கப் பார்த்தார். "புதன்கிழமை" என்றார், செடிக்குக் கிழமை தெரிந்திருந்தது. "சீக்கிரமே" என்றார், பக்கக் கிளை விட்டது. ஒன்றும் சொல்லாமல் சிரித்தால் வாடிக்கையாளர்களே "அப்ப நாளைக்கா?" என்று கேட்டார்கள், அவர் தலை தானாக ஆடியது, செடி அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. கடைசியில் லேப் அக்கா அவரை உள்ளறையில் மெஷினோடு உட்காரவைத்துவிட்டு, முன்னால் தன் தம்பியை உட்காரவைத்தார். அது அவன் வாழ்க்கையில் கிடைத்த முதல் வேலை. அவன் அந்த வேலைக்கென்றே பிறந்தவன் என்பது அன்று மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. பொய் சொல்ல வேண்டுமானால் முதலில் ஒன்றை யோசிக்க வேண்டும், சொன்னதை ஞாபகம் வேறு வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவு உழைப்பு அவனிடம் கிடையாது.

"என் சட்டை ரெடியா தம்பி?"

"வெட்டவே இல்லண்ணே."

"பட்டன் மட்டும்தான் பாக்கின்னாரே!"

"சட்டையும் பாக்கிண்ணே. துணி அலமாரில அடியிலேர்ந்து மூணாவது. எலி கடிக்கல, அது வரைக்கும் நல்ல சேதி."

வந்தவர்கள் ஆடிப்போனார்கள். ஒரு வக்கீல் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து, இத்தனை வருடமாக வாரா வாரம் இங்கே வந்து போகும் நேரத்தில் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாமே என்று சொல்லி, மனம் லேசாகி வீட்டுக்குப் போனார். அவரைப் போலவே பலரும். ஊரில் அந்தக் காலத்தில் மதியத் தூக்கம் கூடியதற்கு இதுவே காரணம்.

செடி வளர்வது நின்றது. ஆனால் வளர்ந்தது குறையவில்லை. எப்படிக் குறைப்பது என்பது தற்செயலாகத்தான் தெரிந்தது. உள்ளறையில் பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருந்த டெய்லர் வேறு வழியின்றி ஒரு சட்டையைத் தைத்து முடித்தார். பட்டனும் வைத்தார். மச்சினன் அதை உரியவரிடம் கொடுத்த நிமிஷம், கூரையிலிருந்த வால் ஒரு விரல் உள்ளே இழுத்துக்கொண்டது. அடுத்தது ஒரு பாவாடை. மெஷினின் எண்ணெய்த் துளை காலியாயிற்று. அதோடு டெய்லருக்கு வெறி பிடித்துவிட்டது. அலமாரியை அடிவரை காலி செய்வதென்று, மேலேயிருந்து வருடம் வருடமாகப் பின்னால் போய்த் தைக்க ஆரம்பித்தார். கல்யாணக் கோட்டு ஒன்று முடிந்தது. அதற்குத் துணி கொடுத்த மாப்பிள்ளைக்கு இப்போது பெண் கல்யாண வயதில் இருந்தாள். கோட்டை வருகிற மருமகனுக்குப் போட்டுப் பார்த்தார்கள், தோள் கச்சிதமாக நின்றது. ஆறு வயதுப் பெண்ணுக்கான பூப்போட்ட கவுன் முடிந்தது. அந்தப் பெண் நீதிபதியாகியிருந்தார். அவர் அதை மறுக்காமல் வாங்கி, கோர்ட்டு அறையில் தன் கருப்பு அங்கிக்குப் பக்கத்தில் மாட்டிவைத்தார். ஒருவர் இறந்துபோயிருந்தார். மச்சினன் அவர் சட்டையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க, அவர் மனைவி அதை நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, "சொன்னா சொன்னபடி குடுத்துட்டாரே" என்றார். அது கேலியா என்று மச்சினனுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தச் சட்டைக்கு மட்டும் செடி இரண்டு விரல் குறைந்தது.

இதற்கிடையில் யூனிஃபார்ம் பருவம் வந்தது. அம்மாமார்கள் கூட்டமாக வந்து நின்றார்கள். செடி குறையக் குறைய, அலமாரியிலிருந்து முதலில் தைத்துக் கொடுத்த வளர்கிற பேன்ட்டுகளின் வளர்ச்சியும் நின்றுவிட்டதாம். பையன்களுக்குப் பேன்ட் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டதாம்.

"எங்க வீட்டுப் பையனைப் பாரும்மா, கொக்கு மாதிரி நிக்கறான். அந்தச் செடியைக் கொஞ்சம் விட்டுவை" என்றார் வரிசையில் முதலில் நின்றவர்.

"அக்கா, இது உங்க பையன் கால். அது என் புல்லு" என்றார் லேப் அக்கா. பிறகு அவருக்கே பாவமாக இருந்ததால் மாடிக்குப் போய்க் காய்ந்த வால்களை எடுத்து வந்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். காய்ந்ததை மடிப்பில் வைத்துத் தைத்தால் பேன்ட் வளரவில்லை, ஆனால் முழங்காலில் கிழியவும் இல்லை. பையன்களைப் பெற்றவர்களுக்கு அது போதுமாக இருந்தது.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின வாரம் அலமாரி காலியாயிற்று. கடை ஆரம்பித்த நாளிலிருந்து அந்த அலமாரியின் பின்பலகை என்ன நிறம் என்று யாருக்கும் தெரியாது, பச்சை. லேப் அக்கா மிச்சமிருந்த பூனைவாலைக் கையை அடியில் கொடுத்து ஒவ்வொன்றாக எடுத்தார். தொட்டியின் அடிவரை வெளிச்சம் போனது. கல்லுக்குப் பின்னாலிருந்து அந்த ஒற்றைக் கொத்து, மணலுக்கு அடியில் ஒரு நூல் ஓட்டி, முன்பக்கம் வந்து ஒரு புதுக் குருத்தைக் குத்தி நிறுத்தியிருந்தது. நூல் ஓட்டம் நேராக இருக்கிறது என்று டெய்லர் தொழில்முறையில் அபிப்பிராயம் சொன்னார். லேப் அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டெய்லர் மெஷினில் உட்கார்ந்தார். அன்று தைக்க எதுவும் இல்லாததால் சும்மாவே மிதித்தார்.

ஒரு மூலையில் ஒரே ஒரு துண்டுப் பூனைவாலை மட்டும் லேப் அக்கா எடுக்காமல் விட்டிருந்தார். ஏன் என்று தம்பி கேட்டான். "இதையும் எடுத்துட்டா வேற ஏதாவது வந்து உக்காரும். இது பழகின சனியன்" என்றார். இன்னொரு காரணமும் இருந்தது. "நாளைக்கு" சொல்லாமல் இருந்து இருந்து டெய்லர் இளைத்துப்போயிருந்தார். தோளெலும்பு தெரிந்தது. அவர் தைத்த சட்டையே அவருக்குத் தொளதொளத்தது. அதனால் ஒரு நாளைக்கு ஒரே ஒரு "நாளைக்கு" என்று லேப் அக்கா அனுமதித்தார். டெய்லர் அதைக் காலையிலேயே செலவழித்துவிட மாட்டார். டீ குடித்துவிட்டு, வருகிறவர்களை நோட்டம் விட்டு, முகத்துக்குப் பொருத்தமான ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பழைய சிரிப்போடு சொல்வார். செடி ஒரு விரல் நீளும். லேப் அக்கா சாயங்காலம் அந்த ஒரு விரலை உடையாமல் எடுத்து மாடிக் கொடியில் மாட்டுவார். அன்றைய "நாளைக்கு" தனக்குக் கிடைத்ததாகச் சிலர் வீட்டில் போய்ப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். வக்கீல் அதற்கென்றே மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு இரண்டு தடவை வந்து பார்த்தார். அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் சட்டை உடனே தயாராகிவிட்டது.

பள்ளிக்கூடம் திறந்த அன்று சாயங்காலம் தலைமை ஆய்வகத்திலிருந்து ஃபோன் வந்தது. லேப் அக்கா தொட்டி முன்னால் உட்கார்ந்தபடியே எடுத்து, வரவில்லை என்றார். ஏன் என்றார்கள். புல் வந்துவிட்டது என்றார். எதிர்முனையில் அதை எந்தத் தலைப்பில் பதிவது என்று தெரியாமல் மேலதிகாரியைக் கூப்பிட்டார்கள். அவர் இன்னொரு மேலதிகாரியைக் கூப்பிட்டார். அந்தப் பெரியவர், முடியாது என்ற பதிலை வாங்கி வைத்துக்கொள்ளத் தனக்கு அதிகாரம் இல்லை என்றும், ஒரு விளக்கம் தேவை என்றும், விளக்கம் வந்தால் அதற்கு ஒரு விசாரணை இருக்கும் என்றும் அன்பாகவே சொன்னார். லேப் அக்காவின் ஒரு கை தண்ணீருக்குள் இருந்தது. கொஞ்சம் யோசித்தார். பிறகு திரும்பி, "என்னங்க, இன்னிக்கு உங்களோடது செலவாயிடுச்சா?" என்று கேட்டார்.

"இல்லம்மா, அப்படியே இருக்கு."

ஃபோனை நீட்டினார். டெய்லர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். முகமெல்லாம் சிரிப்பானது. "வணக்கம் சார். கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரிதான் சார். நாளைக்குச் சொல்லிடறோம்." பெரியவர் மிகவும் திருப்தியாக ஃபோனை வைத்தார். அவ்வளவு தெளிவான பதில் அவருக்கு அந்த மாதத்தில் வேறு யாரிடமிருந்தும் கிடைத்திருக்கவில்லை. செடி ஒரு விரல் நீண்டது. லேப் அக்கா அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் புல்லில் விட்ட இடத்திலிருந்து பார்க்க ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு வருடா வருடம் பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில் அந்த ஃபோன் வருகிறது. அதிகாரிகள் மாறினார்கள், ஒருவர் ஓய்வு பெறும் நாளில் தனக்குப் பின்னால் வருபவரிடம், டெய்லர் வீட்டு விஷயம் கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான் என்று சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போனதாகக் கேள்வி. அன்றைக்கு மட்டும் டெய்லர் வேறு யாருக்கும் தன் பங்கைச் செலவு செய்வதில்லை. கடைக்கு வருகிறவர்களும் அன்று கேட்பதில்லை. புல் இப்போது கல்லின் மேலும் ஏறியிருக்கிறது.